மின்னரம்பும் மிடற்றிசையும்

முழுநிலாக் காலத்து இரவில் மட்டக்களப்பு வாவியின் நடுவே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒருமுனையை நீருள் அமிழ்த்தி மறுமுனையைச் செவியோடு பொருத்தினால் ஓர் இன்னோசை கேட்கும் என்பது இப்பகுதியார் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி. விபுலாநந்த அடிகள் அவ்வோசையையே பொருளாகக் கொண்டு ‘நீரரமகளிர் இன்னிசைப் பாடல்’ யாத்தார். அவ்வோசையைக் கேட்டோர் முதலில் வினவுவது அதன் சுருதி யாது என்பதன்று. அஃது எதனை ஒத்தது என்பதேயாம். நரம்பை ஒத்ததா, குழலை ஒத்ததா, மிடற்றை ஒத்ததா என்னும் இவ்வினா நாதத்தைப் பற்றிய வினா. இசை கற்றவர் சுருதியையும் தாளத்தையும் பற்றி மணிக்கணக்கிற் பேசுவர். நாதத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால் ‘இனிமை’, ‘குழைவு’ என்னும் இரண்டொரு சொற்களோடு நின்றுவிடுவர். கல்லாதவரோ ஓர் ஓசை எழுந்த அந்நொடியிலேயே ‘இஃது இன்னார் வாசிப்பு’ என்று கூறிவிடுவர். அவர் அறிந்தது நாதம்.

1920 ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் அடிகள். தமிழ்ப் புலமையும் பௌதிகவியற் பயிற்சியும் ஒருவர்பால் அமைந்தமையாலே யாழ்நூல் தோன்றியது. 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதத்திலேயே அடிகள் மறைந்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அடியாகக் கொண்டு, பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் முதலியவற்றின் அமைப்பையும் அவற்றின் நரம்புகள் நின்ற சுரநிலைகளையும் கணித்துரைத்தது அந்நூல். எந்நரம்பு எந்நரம்போடு எவ்விகிதத்தில் நின்றது என்பதைக் கணக்கு மீட்டுத் தந்தது. அக்கணக்கின்படி யாழ் செய்து மீட்டவுங் கூடும். ஆயினும் சங்ககாலப் பாணனின் விரல் பட்டபொழுது அந்நரம்பு எவ்வாறு ஒலித்தது என்பதனை எக்கணக்கும் மீட்டுத் தாராது. ஒலிப்பதிவு தோன்றுமுன் மறைந்த கருவிகள் யாவற்றுக்கும் இதுவே நிலை. சுருதியை ஏட்டில் எழுதிவைக்கலாம். நாதத்தை எழுதிவைக்க ஏடில்லை.

ஆதலின் நாதவேறுபாட்டை ஆராய விரும்புவார்க்கு ஒலிப்பதிவுகள் மலிந்த ஒரு காலமே தக்க களமாகும். அத்தகைய காலம் 1980களாகும். அப்பத்தாண்டில் உலகின் இருவேறு மூலைகளில், ஒன்றையொன்று ஏறத்தாழ அறியாமலே, நரம்பிசை மின்விசையோடு மணம்புரிந்து நின்றது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வன்றொக் இசைக்குழுக்களின் முதன்மைக் கிற்றார்க் கலைஞர் தத்தமக்கென ஒவ்வொரு நாதத்தை வகுத்துக்கொண்டிருந்தனர். சென்னைச் சபாக்களில் உப்பலபு சிறீநிவாஸ் என்னும் சிறுவர் மின்மாண்டலினில் தியாகராசர் கீர்த்தனைகளை வாசித்துக்கொண்டிருந்தார். வீணைக்கும் ஒலிபெருக்கம் வந்துவிட்டிருந்தது. இவ்விரு சாராரையும் ஒருங்கு வைத்து ஒப்பிடுதல் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். பேரிரைச்சல் என்று ஒதுக்கப்படுவதையும் தெய்வத்தன்மை வாய்ந்ததென்று போற்றப்படுவதையும் ஒரே தட்டில் நிறுக்கலாமோ என்பர். நிறுக்கப்படுவது பண்பாடன்று, நரம்பின் ஒலி. நரம்புக்கு நாடு தெரியாது.

கதிரவெளி போன்ற ஊர்களிலிருந்து இதனை நோக்குதற்கு ஒரு தனிப் பொருத்தமும் உண்டு. ஒருபாற் கடலும் மறுபால் வெருகலாற்றை நோக்கி விரியும் வெளியுமாகக் கிடக்கும் இக்கரைப் பகுதியின் பழைய இசையில் நரம்புக்கருவிக்கு இடமில்லை. கூத்துக்கு மத்தளமும் சல்லரியும். கண்ணகியம்மன் சடங்குக்கு உடுக்கும் பறையும். யாவற்றுக்கும் மேலாக அண்ணாவியாரின் மிடறு. நரம்பிசை இங்கு வந்தது வானொலி வழியாகவும் ஒலிநாடா வழியாகவுமே. மின்கம்பி எட்டாத வீட்டில் மின்கலத்தால் இயங்கிய சிறுபெட்டியின் வழியே வீணையும் கிற்றாரும் ஒரே ஒலிபெருக்கியினின்று வந்தன. திருவிழாக் காலங்களிற் கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளே நாகசுரத்தைத் தொலைவுக்குக் கொண்டுசென்றன. கீழ்ச்சுரங்களை விழுங்கி மேற்சுரங்களைக் கூர்மையாக்குவது அக்கூம்பின் இயல்பு. இவ்வாறு வளர்ந்த செவிக்கு மின்வழி வந்த நாதம் அயலானதன்று. அதுவே அதன் முதல் நரம்பிசை. பிற்காலத்துப் போர்க்கால இடப்பெயர்வுகளிலும் 2004 ஆம் ஆண்டு மார்கழிக் கடற்கோளிலும் வீடுகளோடு ஒலிநாடாக்களும் போயின என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மீட்டப்பெற்ற நரம்பு ஓர் ஒலியை மட்டும் எழுப்புவதில்லை. அடிப்படைத் தொனியோடு பல மேற்றொனிகளும் உடனெழும். அவை எவ்வளவு வலிமையோடு எழுகின்றன, எது முன்னர் அடங்குகின்றது, எது பின்னர் அடங்குகின்றது என்பனவே நாதத்தை ஆக்குகின்றன. 1921 ஆம் ஆண்டில் சேர் சி. வி. இராமன் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்து ஒரு வியத்தகு செய்தியை வெளியிட்டார். ஐரோப்பிய விதியின்படி, நரம்பை எவ்விடத்தில் மீட்டுகின்றோமோ அவ்விடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்றொனி எழுதல் ஆகாது. வீணையிலும் தம்புராவிலும் அம்மேற்றொனியும் வலுவாக எழுகின்றது. காரணம் குதிரையின் அமைப்பு. மேற்கத்தியக் கருவிகளில் நரம்பு கூரிய விளிம்பொன்றின்மேற் கிடக்கும். வீணையிலோ அகன்று மெல்ல வளைந்த உலோகத் தகட்டின்மேற் கிடந்து, அதிருந்தோறும் அத்தகட்டைத் தொட்டுத் தொட்டு விலகும். தம்புராவின் நரம்படியில் நூலிழை ஒன்றைச் செருகி ஒலியை மலரச் செய்வதும் இந்நோக்கத்தாலேயே.

இதன் உட்கிடை பெரிது. நரம்பின் ‘தூய’ ஒலியைச் சிறிது சிதைத்து மேற்றொனிகளைப் பெருக்குதல் நம்மவர் பன்னூற்றாண்டுகளாகச் செய்துவந்த செயல். வன்றொக் கிற்றாரின் சிதைவொலியைக் கேட்டு முகஞ்சுளிக்கும் வீணை இரசிகர் இதனை மறந்துவிடுகின்றனர். அங்கே வால்வுகள் பொருந்திய விரியலாக்கியை அதன் ஆற்றலுக்கு மேல் உழைக்கச் செய்தலால் ஒலியலையின் முடிகள் வெட்டுண்கின்றன. வெட்டுண்ட அலையில் மேற்றொனிகள் பெருகும். அதனோடு இன்னொன்றும் நிகழும்: உரத்த பகுதி வெட்டுண்டு மெலிந்த பகுதி அப்படியே நிற்றலால், மீட்டிய நரம்பு தேய்ந்து அடங்குவது செவிக்குத் தெரிவதில்லை. ஒலி நீண்டு நிற்பதுபோலத் தோன்றும். வீணையின் குதிரை முதலாவதைச் செய்தது. இரண்டாவதைச் செய்ய அதனால் இயலவில்லை. நீண்டு நிற்கும் நரம்பொலி மின்விசை தந்த புதுச்செல்வம். அச்செல்வத்தை யார் எவ்வாறு செலவிட்டனர் என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

வன்றொக் கலைஞருள் எடி வான் ஹேலன் முதற்கண் வைக்கத்தக்கவர். நெதர்லாந்திற் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்த அவர் 1978 ஆம் ஆண்டில் வெளியான முதல் இசைத்தட்டிலேயே, இரண்டு நிமிடத்திற்கும் குறைந்த ‘இரப்ஷன்’ என்னும் தனிவாசிப்பால், அடுத்த பத்தாண்டின் செவியை மாற்றிவிட்டார். அவர் கிற்றார் கடையில் வாங்கிய முழுக்கருவியன்று. ஓரிடத்து உடலும் வேறோரிடத்துத் தண்டும் பழைய கிப்சன் கிற்றாரொன்றின் இரட்டைக் காந்தச்சுருளும் கொண்டு தாமே பொருத்தியது. மாஷல் விரியலாக்கிக்குச் செல்லும் மின்னழுத்தத்தை வேறொரு கருவியாற் குறைத்து, ஏறத்தாழ 90 வோல்ற்றில் அதனை உழைக்கச் செய்தார். விளைந்த நாதத்தை இரசிகர் ‘பழுப்பு ஒலி’ என்றனர். அப்பெயர் முதலில் தம் தமையனாரின் முரசொலியைக் குறித்தது என்று அவரே கூறியதுண்டு. நிறத்தின் பெயரால் நாதத்தைச் சுட்டியது பொருத்தமே. அதில் மரத்தின் வெம்மை உண்டு. கூர்மை உண்டு, ஆயினும் செவியைக் குத்துவதில்லை. சிதைவு மிகுந்திருந்தும் ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெரிவது அவரது தனிச்சிறப்பு.

அவர் இருகை விரல்களாலும் தண்டின்மேல் நரம்பைத் தட்டி வாசித்த முறை பெரும்புகழ் பெற்றது. அதனால் மீட்டின் ஓசை மறைந்து, ஒரே மூச்சிற் பல சுரங்கள் எழுந்தன. ‘ஒரு மீட்டிற் பல சுரம்’ என்பது வீணையாளரின் நெடுநாளைய குறிக்கோளுமாகும். ஆயினும் வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். தட்டி வாசிக்கையில் ஒலி மெட்டுக்கு மெட்டுத் தாவுகின்றது, அது படிக்கட்டு. நரம்பை இழுத்து வாசிக்கையில் ஒலி வழுக்கிச் செல்கின்றது, அது மலைச்சரிவு. வான் ஹேலனின் படிக்கட்டு மின்னலென ஏறி இறங்குவது, வியப்பைத் தருவது. கமகத்தின் பணியை அது செய்வதில்லை.

றான்டி றோட்ஸ் 1982 ஆம் ஆண்டு பங்குனியில், இருபத்தைந்து வயதில், விமான விபத்தில் இறந்தார். ஓசி ஒஸ்போனின் இரண்டு இசைத்தட்டுக்களே அவர் புகழுக்கு அடித்தளம். பதிவுக்கூடத்தில் ஒரே தனிவாசிப்பை இருமுறையும் மும்முறையும் வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல் அவர் வழக்கம். மனிதக்கை இருமுறை வாசிக்கையில் இம்மியளவேனும் வேறுபடும்; அவ்வேறுபாட்டால் ஒலி தடித்து நடுக்கம் பெறும். கோயில் வீதியில் இரட்டை நாகசுரம் கேட்டு வளர்ந்தவர்க்கு இந்நாதம் புதிதன்று. இருவர் ஒன்றாய் ஊதும்பொழுது ஒருவர் ஊதியதைவிட இருமடங்கு உரப்பு எழுவதில்லை; எழுவது வேறொரு நாதம். றோட்ஸ் ஒருவராயிருந்தே அந்த இரட்டையைச் செய்துகொண்டார். அதனால் நேர்ந்த குறையும் அதுவே: அடுக்கி வைத்த நாதத்திற் கைநெகிழ்ச்சிக்கு இடமில்லை. முன்னரே முடிவுசெய்ததைத் திரும்ப வாசித்தாலன்றி அடுக்கு பொருந்தாது.

ஏசி/டிசி குழுவின் அங்கஸ் யங் மறுகோடியில் நிற்பவர். கேட்போர் எண்ணுவதைவிட மிகக் குறைந்த சிதைவே அவர் ஒலியில் உண்டு. உரப்பு மிகுதியாலும் கைவன்மையாலும் அது முரடாகத் தோன்றுகின்றது. 1980 ஆம் ஆண்டில் வெளியான ‘பாக் இன் பிளாக்’ இசைத்தட்டைப் பொறுமையோடு கேட்பவர்க்கு இது விளங்கும்.

சிலாஷ் என்பவரின் நாதம் நின்று கேட்கத்தக்கது. 1987 ஆம் ஆண்டில் கன்ஸ் அன்ட் றோசஸ் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபொழுது, பத்தாண்டுக் காலமாகப் பெருகியிருந்த வேகப்போட்டி செவிகளைக் களைப்புறச் செய்திருந்தது. லெஸ் போல் என்னும் கனத்த மரக் கிற்றாரின் படியொன்றையும் மாஷல் விரியலாக்கியையும் கொண்டு அவர் பழைய நாதத்துக்குத் திரும்பினார். ‘சுவீட் சைல்ட் ஓ மைன்’ பாட்டின் தொடக்கத்தில் மேற்றொனிகள் குறைந்து குழலையொத்த உருண்டை ஒலி எழுகின்றது. பின்வரும் தனிவாசிப்பில் அவர் நரம்பைச் சுரத்துக்குச் சிறிது கீழிருந்து மெல்ல இழுத்து ஏற்றி, ஏறிய இடத்தில் அசைத்து நிறுத்துகின்றார். சுரத்தை அடைவதற்குமுன் அதனைத் தேடுகின்ற இவ்வியல்பு மிடற்றுக்குரியது. பாடகர் எவரும் சுரத்தின்மேற் குதித்து நிற்பதில்லை. எண்பதுகளின் வன்றொக் கலைஞருள் மிடற்றுக்கு மிக அணித்தாக வந்தவர் இவரே எனலாம். விரைவில் இவரை வென்றோர் பலர், விரைவு நாதமன்று.

ஈண்டு ஒரு முரண் தோன்றுகின்றது. சுவீடன் நாட்டு இங்வி மாம்ஸ்டீன், 1984 ஆம் ஆண்டில் வெளியான தம் முதல் தனித்தட்டின் காலந்தொட்டு, மெட்டுக்களுக்கு இடையேயுள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிற்றாரை வாசிப்பவர். விரல்நுனி மரத்திற் படாது நரம்பை மட்டும் பற்றுதற்பொருட்டு அவ்வமைப்பு. வீணையில் மெழுகுக் கட்டின்மேல் மெட்டுக்கள் உயர்ந்து நிற்பதும் அப்பயனைத் தருவதே. அவருக்கு முன்பே ஜோன் மக்லக்லின், 1970களின் நடுவிற் சக்திக் குழுவில் வாசிக்கையில், செதுக்கிய தண்டும் உடனொலி நரம்புகளும் கொண்ட மின்சாராக் கிற்றாரைச் செய்வித்துக்கொண்டார். அவர் வீணையையும் சிலகாலம் பயின்றவர். மக்லக்லின் குழிவை இழுத்தற்குப் பயன்படுத்தினார். மாம்ஸ்டீன் பெரும்பாலும் விரைந்து ஓடுதற்கே பயன்படுத்தினார். வீணையின் உறுப்பைப் பெற்றவர் வீணையின் நாதத்தினின்று நெடுந்தொலைவு நிற்க, சாதாரணத் தண்டைக் கொண்ட சிலாஷ் அதற்கு அணித்தாக நிற்கின்றார். கருவியின் அமைப்பு வாய்ப்பைத் தரும், அவ்வளவே.

இனி வீணை. தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளிற் சென்னையிலுள்ள தம் இல்லத்தில் வாசித்த வீணையைக் கேட்டோர் மூச்சையும் அடக்கியிருந்து கேட்டனர் என்பர். அந்நாதம் அறைக்குரியது. சபாக்கள் பெருகி, பக்கத்தில் மிருதங்கமும் கடமும் அமர்ந்து, முன்னே ஆயிரவர் கூடியபொழுது வீணை செவிக்கெட்டாது போயிற்று. கருவியின் உடலிலேயே ஒலிவாங்கியைப் பொருத்தும் வழக்கம் இதனாலே வந்தது. இதனைக் குறைகூறுவோர் ‘வீணை கிற்றாராகிவிட்டது’ என்பர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. உடலொட்டிய ஒலிவாங்கி மரத்தின் அதிர்வை நேரே பெறுகின்றது. குடத்தினின்று காற்றிற் பரந்து கலந்த ஒலியைப் பெறுவதில்லை. நகம் நரம்பிற் படும் உராய்வும் மெட்டில் விரல் வழுக்கும் கீறலும் பெரிதாகின்றன. வீணையினின்று நாம் விரும்பிக் கேட்டது காற்றிற் கலந்த அந்த ஒலியையே.

எமனி சங்கரசாஸ்திரியின் மாணாக்கராகிய சிட்டிபாபு (1936–1996) ஒலிபெருக்கத்தை வேண்டாவிருந்தாக நடத்தாது தம் நாதத்தின் உறுப்பாகவே கொண்டவர். மீட்டின் வன்மையைக் குறைத்து, மிகமெல்லிய அசைவையும் ஒலிவாங்கி தாங்கிச் செல்லும் என்னும் உறுதியோடு வாசித்தார். அதனால் அவர் வீணை தெளிவும் பளபளப்பும் மிக்கது. கடைசி இருக்கையிலிருப்பவருக்கும் அருகிலிருப்பதுபோன்ற அணுக்கத்தைத் தருவது. தனம்மாள் சிற்றறையிற் பெற்ற அணுக்கத்தைப் பேரரங்கில் மின்விசையாற் பெறமுயன்றவர் அவர் எனின் தவறாகாது. குயிலின் கூவலையும் மணியோசையையும் வீணையில் எழுப்பி அவர் பெற்ற கரவொலியோ வேறுவகை. அங்கே நாதம் தன்னைவிட்டு வேறொன்றைக் காட்டப் புகுந்துவிடுகின்றது. கேட்பவர் குயிலை வியந்து வீணையை மறப்பர்.

எஸ். பாலசந்தர் (1927–1990) இவருக்கு நேர்மாறானவர். ‘அந்த நாள்’ (1954) திரைப்படத்தை இயக்கியவரும் இவரே. எவரிடத்தும் முறையாகப் பயிலாது தாமே வீணையை வயப்படுத்தியவர். ஒரு மெட்டில் விரலை வைத்து, ஒருமுறை மீட்டி, நரம்பை இழுத்து இழுத்தே சுரம் பலவற்றை அடுத்தடுத்து எழுப்புதல் அவர் ஆற்றல். கீழ்த்தாயி நரம்புகளில் அவர் செய்யும் ஆலாபனையில் மீட்டோசை அருகிவிடும். ஒலி நரம்பினின்று வருகின்றதென்பதே மறந்துவிடும். இவ்வாறு நெடிது இழுத்தற்கு, மீட்டிய ஒலி அவ்வளவு நேரம் உயிரோடிருத்தல் வேண்டும். இழுக்கும் விரல் நரம்பின் அதிர்வை ஓரளவு உண்ணும். ஆதலால் இறுதிச் சுரம் முதற்சுரத்தினும் மெலிந்தே எழும். பாலசந்தர் அம்மெலிவை மறைக்கவில்லை. தேய்ந்து செல்லும் ஒலியையே பொருளாக்கினார். மூச்சு முடியுமிடத்திற் பாடகர் குரல் மெலிவதை ஒத்தது அது. வான் ஹேலனின் விரியலாக்கி மறைத்த அதனையே பாலசந்தர் வெளிப்படுத்திக் காட்டினார். மின்விசையின் நீட்சி ஒரு செல்வம் என்று மேலே கூறப்பட்டது. தேய்வும் ஒரு செல்வமே என்பதற்கு இவர் வாசிப்பே சான்று. சிலவிடங்களில் இழுப்பின் அருமையைக் காட்டும் ஆர்வம் இராகத்தின் அமைதியைக் குலைத்ததும் உண்டு, அதனையும் மறைத்தலாகாது.

சிறீநிவாஸ் மேற்குக் கோதாவரி மாவட்டத்துப் பாலகொல்லில் 1969 ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் கிளாரினெற் வாசிப்பவர். செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணாக்கராகிய உருத்திரராசு சுப்பராசு அச்சிறுவருக்கு ஆசிரியராக வாய்த்தார். ஆசிரியருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவர் கேட்டதைக் கருவியில் எழுப்புவார். இச்சிறு செய்தியிலேதான் அந்நாதத்தின் வரலாறு முழுவதும் அடங்கிக்கிடக்கின்றது. மாண்டலினை மாண்டலினாகக் கற்பிக்க ஒருவர் இருந்திருப்பின், அக்கருவிக்கு இயல்பான துடிப்பும் தாவலுமே அவருக்கு வந்திருக்கும். கருவியறியாத ஆசிரியரிடத்துப் பயின்றமையால் அவர் முன்னின்றது மிடறு ஒன்றே.

மாண்டலின் கமகத்துக்கு ஒவ்வாது என்று கூறியோர் அறியாது கூறினரல்லர். நரம்புகள் இரட்டை இரட்டையாக நிற்பதால் இழுத்தல் அரிது. நரம்பின் நீளம் குறைவு. ஆதலால் ஒலி விரைந்து அடங்கும். குறுகிய நரம்பைச் சிறிது இழுப்பினும் சுருதி பெரிதும் ஏறிவிடும். வீணையில் விரலகலம் இழுத்துப் பெறுவதை இங்கே நெல்லளவு அசைவாற் பெறல் வேண்டும். பிழைக்கு இடம் அவ்வளவு குறுகியது. சிறீநிவாஸ் இரட்டை நரம்புகளை நீக்கி ஒற்றை நரம்புகளாக்கினார். கீழ்த்தாயிக்கென ஐந்தாம் நரம்பைச் சேர்த்தார். உட்குழிவற்ற கனமர உடலும் காந்தச்சுருளும் கொண்ட மின்கருவியை ஏற்றார். குறைந்த நீளத்தால் இழந்த நீட்சியை மின்விசை ஈடுசெய்தது. வன்றொக் கலைஞர் எதன்பொருட்டு மின்விசையை நாடினரோ அதன்பொருட்டே இவரும் நாடினார். சிதைவை மட்டும் கொள்ளவில்லை.

1978 ஆம் ஆண்டிற் குடிவாடாவில் நிகழ்ந்த தியாகராச ஆராதனையில் அரங்கேறியபொழுது அவருக்கு வயது ஒன்பது. 1981 ஆம் ஆண்டிற் சென்னையில் வாசித்தார். 1983 ஆம் ஆண்டில் மேற்குப் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். அக்காலப் பதிவுகளிற் கேட்கும் நாதம் மெலிந்தது, ஒளிமிக்கது. வீணையின் கனம் அதில் இல்லை. விரைவுச் சுரங்களில் ஒவ்வொரு மீட்டும் ஒரே அளவினதாகி மணிகோத்ததுபோல் அமைவது குறையென்றே கொள்ளல் வேண்டும். மிடற்றிற்கு அத்தகைய ஒருமை இல்லை. விளம்ப காலத்திலோ நிலைமை மாறுகின்றது. அங்கே அவர் மீட்டைத் தாழ்த்தி, ஒலியின் நடுவுடலைப் பற்றி வளைக்கின்றார். நாகசுரத்தின் ஊதல் போன்ற ஒரு தொடர்ச்சி பிறக்கின்றது. 1990களிற் செய்த பதிவுகளில் மீட்டோசை மேலும் மழுங்கி நாதம் கனிந்தது. பின்னர் அவர் மக்லக்லினோடு ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் ஒருங்கமர்ந்து வாசித்தார். வீணையை நோக்கி வந்த கிற்றாரும் மிடற்றை நோக்கிச் சென்ற மாண்டலினும் ஒரு மேடையில் அருகருகே ஒலித்தன. வினாவும் விடையுமாக இருவர் வாசிக்குமிடங்களிற் கிற்றாரைவிட மாண்டலினே குரலுக்கு நெருங்கி நிற்பதைக் கேட்கலாம். 2014 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திற் சிறீநிவாஸ் நாற்பத்தைந்து வயதில் மறைந்தார்.

மின்கிற்றாரிலேயே கர்நாடக இசையை வாசித்தோருள் சுகுமார் பிரசாத் முன்னோடிகளுள் ஒருவர். அவரின் இளையரான ஆர். பிரசன்னா வன்றொக்கையும் கீர்த்தனையையும் ஒருங்கே பயின்றவர். ஜிமி ஹென்ட்றிக்சுக்குக் காணிக்கையாக 2006 ஆம் ஆண்டில் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்னும் தட்டை வெளியிட்டார். இவ்வாய்வின் இருசாராரும் ஒருவர் கையில் ஒன்றுகூடியமைக்கு அவர் எடுத்துக்காட்டு. அவர் நாதத்தைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

நாதம் கருவியில் உள்ளதா, கையில் உள்ளதா என்னும் பழைய வழக்குக்கு அமெரிக்கக் கலைஞர் டெட் நியூஜென்ட் சொன்ன ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டுவர். வான் ஹேலனின் கிற்றாரையும் விரியலாக்கியையும் கொண்டு அவர் வாசித்தபொழுது பழுப்பு ஒலி எழவில்லையாம். அவரது வழக்கமான ஒலியே எழுந்ததாம். இன்று வான் ஹேலனின் விரியலாக்கியைக் கணினியால் ஒப்புருவாக்கி, ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் நாதம் வரும் என்று விற்கின்றனர். வருவது அவர் விரியலாக்கியின் நிழல். மின்தம்புரா பயிற்சியறைக்கு வந்து வேரூன்றிவிட்டது; அதன் ஒலியைக் கேட்டே சுருதி சேர்த்துப் பழகிய மாணாக்கர் குதிரையின்மேல் நூலிழையை நகர்த்தி ஒலியை மலரச் செய்யும் நுட்பத்தை அறியாமலே தேர்ச்சி பெறுகின்றனர். சுருதி பிழையாது நிற்கின்றது. இழக்கப்படுவது நாதத்தைத் தேடும் செவி.

கல்லடியில் 1982 ஆம் ஆண்டிற் தொடங்கி இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நிற்கும் விபுலாநந்தர் பெயர்தாங்கிய நிறுவகத்தில் வீணை பயில்வோர்க்கு இது நூலறிவுக்குரிய வினா மட்டுமன்று. அரங்கேறும் நாளில் உடலொட்டிய ஒலிவாங்கியைக் கொள்வதா, குடத்துக்கு முன்னே சிறிது தொலைவில் ஒலிவாங்கியை வைத்து உரப்பைக் குறைத்துக்கொள்வதா என்று அவர்கள் முடிவுசெய்தாகல் வேண்டும். சிட்டிபாபுவின் வழியைக் கொள்வோர் அவ்வழிக்குரிய மெல்லிய மீட்டையும் கொள்ளல் வேண்டும். வன்மீட்டோடு உடலொட்டிய ஒலிவாங்கியைச் சேர்ப்பதே இன்று மேடைகளிற் கேட்கும் கீறலோசைக்குக் காரணம். பாலசந்தரின் வழியைக் கொள்வோர் அரங்கைச் சிறிதாக்கிக்கொள்ளல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே விரும்புவோர்க்கு ஒலிபெருக்கி துணைசெய்யாது.

கதிரவெளியில் உடுக்கடிப்போரின் கையை ஒருமுறை உற்றுநோக்குதல் இவ்விடத்திற் பயன்தரும். ஒருகை தோலைத் தட்ட, மறுகை இடைக்கயிற்றை இறுக்கியும் நெகிழ்த்தும் ஒலியை ஏற்றி இறக்குகின்றது. தட்டுதல் ஒன்று, அத்தட்டினின்று எழும் ஒலியோ அழுத்தத்துக்கேற்ப ஏறி, குழைந்து, இறங்குகின்றது. காவியம் பாடுவோரின் மிடறு எங்கே வளைகின்றதோ அங்கே கயிறும் இறுகுகின்றது. தோற்கருவியிலும் மிடற்றைத் தேடிய இக்கை, பாலசந்தர் நரம்பை இழுத்த கையையும் சிறீநிவாஸ் நெல்லளவு அசைத்த கையையும் ஒத்தது. இவ்வுடுக்கொலியை நல்ல ஒலிவாங்கியாற் பதிந்துவைக்கும் பணி இன்னும் போதிய அளவு நடைபெறவில்லை. சடங்குக்காலம் ஆண்டுக்கு ஒருமுறையே வருவது, அடிப்போரோ முதியர்.